பச்சைக் குடத்துக்கு மூன்று முடிச்சு

முதலில் ஒரு முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் பத்து நாள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்துக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை இல்லை. தினமும் பத்துத் தடவை.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எனக்கு எழுபது முடிந்தது. பிள்ளைகள் கூடிப் பேசி, திண்டுக்கல்லிலேயே ஒரு கோயில் மண்டபத்தைப் பிடித்து, பீமரத சாந்திக்கு நாள் குறித்துவிட்டார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பேரன் பேத்தி பார்க்க, அதே மனைவிக்கு, மறுபடி ஒரு தாலி.

மகள் நைசாகக் கேட்டாள் - முதல் முடிச்சை மட்டும் நீங்கள் போடுங்கள், மற்ற இரண்டையும் அத்தை போடட்டுமே என்று. ஊர் வழக்கமும் அதுதான். நான் விட்டேனா? அறுபதில் மூன்றையும் நானே போட்டேன், எழுபதிலும் நானே போடுவேன் என்றேன். போதாக்குறைக்குச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் அறிவித்தேன். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவர்களுக்கென்ன... கட்டைவிரல் நன்றாக வேலை செய்கிறது.

என் கட்டைவிரலின் கதை மறுநாள் காலை தெரிந்தது. டீக்கடையில் பேப்பர் கப்பை வாங்கினேன். அது கையிலேயே நசுங்கி, டீ முழுக்க வேட்டியில். கப் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் இன்னொன்று கொடுத்தார். அதுவும் நசுங்கியது. சுற்றி நின்ற நாலு பேர் கையில் அதே கப் அலுங்காமல் இருக்கிறது. நைசாக நழுவினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

தாலி கை நழுவிக் கீழே விழுந்தால் எனக்கு ஒரு நாள் அவமானம், அவ்வளவுதான். என் மனைவி ராஜேஸ்வரிக்கு அப்படியா? அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆனால் அதற்கப்புறம் நான் ஒவ்வொரு முறை இருமும்போதும் அவளுக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வரும். அது ஆகாது.

பேகம்பூருக்கு ஓடினேன். அங்கே என் பள்ளிக்கூடத் தோழன் சிக்கந்தர் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். நீங்கள் காசை எடுப்பதற்குள் பார்சலுக்கு நூல் சுற்றி முடிச்சுப் போட்டு நீட்டுகிற ஆள். முடிச்சு வித்தையை அவனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? விஷயத்தைச் சொன்னேன். கல்லாவைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் சிரித்தான். அப்புறம் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். டப்பா நிறைய ரப்பர் பேண்ட்.

"நூலை விட்டு ரெண்டு வருசமாச்சு மாப்ள. வெரலு கேக்க மாட்டேங்குது. தங்கச்சிக்கும் இதுல ரெண்ட மாட்டி விட்ரு."

கிண்டல் முடிந்ததும் அவனுக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பினான். மகள் வயசு இருக்கும். பெரிய மெஷின் எதையோ எதிர்பார்த்துப் போனேன். அவள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்து, உடையாமல் பிடியுங்கள் என்று நீட்டினாள். என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவள் மத்தியானச் சாப்பாட்டைக் கெடுத்ததுதான் மிச்சம்.

"கையில பலம் குறைஞ்சிருக்கு சார், அது வயசு. ஆனா நீங்க பலம் பத்தாம ஒடைக்கல. வெரல் நுனிக்குத் தொடுறது முன்ன மாதிரி தெரியல. எங்க நழுவிருமோன்னு பயந்து நசுக்குறீங்க."

வயதானால் பிடி தளரும் என்றுதானே நினைத்திருந்தோம்? இங்கே பார்த்தால், தேவைக்கு மேல் இறுக்குகிறோம்! யோசித்துப் பார்த்தேன். டிவி ரிமோட்டை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. பீரோ சாவி என் இடுப்பில். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைக்கூட, கொஞ்சம் ஓய்வெடுங்களேன் என்று ஆசிரியர் மூன்று முறை ஜாடையாகச் சொல்லிவிட்டார். விட்டேனா?

சரி, கழுத்துள்ள பொருளாகப் பார்த்துப் பயிற்சி செய்வோம் என்று குடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிஜக் கயிறு, நிஜ மஞ்சள். முதல் நாள் பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பத்தாம் நாள் எட்டு. டிஸ்டிங்ஷன்! மஞ்சள் கறை போகக் குடத்தைத் தேய்த்துக் கழுவி, அடுப்படியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது.

விசேஷ நாளும் வந்தது. ராஜேஸ்வரியின் அக்கா தங்கைகள் முன்வரிசையில். கெட்டிமேளம் முழங்கியது. கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன்.

குடத்துக்குக் கொண்டை கிடையாது. நாலு முழம் மல்லிகை கிடையாது. மாலை கிடையாது. இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

முதல் முடிச்சு எப்படியோ விழுந்தது. இரண்டாவதில் ஈர மஞ்சள் வழுக்கியது. இறுக்கினேன், விரல் மரத்தது. அப்பளத்தை நினைத்துத் தளர்த்தினேன், போட்ட முடிச்சே இளகியது. தவில்காரர் அடித்துக்கொண்டே என்னை எட்டிப் பார்க்கிறார். எம்புட்டு நேரம்தான் அடிப்பார் பாவம்?

அப்போது ராஜேஸ்வரி, பூவைச் சரிசெய்கிற மாதிரி கையைப் பின்னால் கொண்டுவந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இளகிக்கொண்டிருந்த முடிச்சின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினாள் - பார்சல் கட்டும்போது பக்கத்தில் இருப்பவர் வைப்பாரே, அதே மாதிரி. அந்த விரலும் நடுங்கத்தான் செய்தது. ஆனால் கயிறு நின்றது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும். எல்லோரும் அட்சதை தூவினார்கள். முன்னால் இருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சொன்னதைச் செய்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் மறுபடி நாற்பது கட்டைவிரல்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. எனக்குத் தெம்பு திரும்பிவிட்டது. எண்பதிலும் ஒரு கல்யாணம் இருக்கிறதல்லவா... அவள் பக்கம் சாய்ந்து, "எம்பதுலயும் மூணு முடிச்சும் நானேதான், பாத்துக்க" என்றேன்.

பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"அந்தப் பச்சைக் குடத்துக்கே கட்டிருங்க."