நாக்கில் வைத்துப் பார்த்தவர்

தராசு ரிப்பேர்க்காரருக்கு ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. காய்கறிக் கடை, இரும்புக் கடை, நகைக் கடை என்று தராசு இருக்கும் இடமெல்லாம் அவருக்குப் பிழைப்பு. எந்தத் தராசு என்ன காட்டினாலும் தன் பையிலிருக்கும் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். மனிதர்கள் சொல்வதையும் அப்படித்தான்.

மருத்துவக் கல்லூரியில் அப்போது சிறுகுறிஞ்சான் இலையைச் சர்க்கரை நோய்க்குச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக நோய் வந்த அறுபது பேர். பாதிப் பேருக்கு இலைப்பொடி அடைத்த கேப்ஸ்யூல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் கீரைப்பொடி. மூன்று மாதம். வாரம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். இவரும் கையெழுத்துப் போட்டார்.

"எனக்குக் கொடுத்திருக்கறது எது சிஸ்டர்?"

"எனக்கே தெரியாதுங்க. பட்டியல பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்காங்க. கடைசியிலதான் திறப்பாங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் முழுங்குங்க."

நான்கு நாள் பொறுத்துக்கொண்டார். சிறுகுறிஞ்சானை மென்றுவிட்டுச் சர்க்கரை தின்றால் மண் மாதிரி இருக்கும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தார். ஐந்தாம் நாள் காலை ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியை நாக்கில் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டார். இனித்தது. சந்தேகத்துக்கு இன்னொரு சிட்டிகை போட்டார். அதுவும் இனித்தது.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தார்.

"ஏங்க, சுகர் மருந்துக்குத் தொட்டுக்கச் சர்க்கரையா?"

"எனக்கு வந்தது டூப்பு."

"அப்ப மருந்தே சாப்பிடலன்னு நினைச்சுக்கிட்டு ஒழுங்கா நடங்க."

ஸ்கூட்டரை வீட்டில் விட்டார். எடைக்கல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். கையெழுத்துப் போட்ட பாவத்துக்குக் கேப்ஸ்யூலையும் விடாமல் விழுங்கினார்.

அடுத்த வாரம் ரத்தம் கொடுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த தையல்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். தையல்காரரும் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னார். இரண்டே வாரத்தில் அந்த பெஞ்சில் உட்காரும் அத்தனை பேரும் வீட்டில் சர்க்கரையை நக்கிப் பார்த்துவிட்டார்கள். இனிக்காதவர்கள் மருந்து பார்த்துக்கொள்ளும் என்று வாயைக் கட்டவில்லை. இனித்தவர்கள் பயந்துபோய் நடக்க ஆரம்பித்தார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால், இலை சாப்பிட்டவர்களைவிடக் கீரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. எல்லாரையும்விட இவருக்கு. பெரிய டாக்டரம்மா இவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன பண்ணீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. பெஞ்சில் பரவியதுவரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷ வேலைங்க இது."

"எனக்குச் சுகர் குறைஞ்சது நிஜம்தானேம்மா?"

"நிஜம்தான். ஆனா எங்களுக்கு அது உதவாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

கள்ள எடைக்கல் வைத்துப் பிடிபட்டவரைப் போல அவருக்கு முகம் சுண்டிவிட்டது. எழுந்து நின்றார்.

"மறுபடி ஆரம்பிக்கும்போது என்னையும் சேர்த்துக்குங்க. பிரிச்சுப் பார்க்கமாட்டேன்."

டாக்டரம்மா அவர் ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு முடியாது என்று தலையசைத்தார்.

வெளியே மனைவி காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"சேர்த்துக்க முடியாதாம். எனக்குச் சுகர் பத்தலையாம்."