எதிர்ப்புறத்தில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை

நான் எழுதிய மனுக்களில் இதுவரை ஒன்றே ஒன்றுதான் பலித்திருக்கிறது. அது என் கடையையே இடிக்கச் சொன்ன மனு.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து படகுத்துறைக்குப் போகும் சந்தில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. மெஷினில் என் மனைவி, மேசையில் நான். சந்தில் எல்லாருக்கும் நான் ‘இக்கா’, அண்ணன் மாதிரி. நகல் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மனுவும் எழுத வேண்டியிருக்கும். ரேஷன் கார்டில் பெயர் தப்பு, குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கூரைமேல் சாய்கிறது என்று எல்லாக் குறையும் என் கைவழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். என் மலையாளத்தில் ஒரு கம்பீரம் உண்டு என்பது என் நினைப்பு. அரசாங்கத்துக்கு அப்படி நினைப்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

சந்தின் திருப்பத்தில் ஒரு பழைய கல் வாசல் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் பெரிய மிளகுக் கிடங்கு இருந்ததாம். இப்போது கிடங்கும் இல்லை, கதவும் இல்லை. வாசல் மட்டும் யாரையோ வரவேற்றுக்கொண்டு நிற்கிறது. வருகிறவை ஆடுகள். மழை வந்தால் சுமைதூக்கும் சேட்டன்மார் ஆடுகளை ஒதுக்கிவிட்டு அடியில் நிற்பார்கள்.

சுற்றுலா பஸ்கள் உள்ளே வர வேண்டும் என்று சந்தை அகலப்படுத்தத் திட்டம் போட்டார்கள். வாசல் போய்விடும் என்று தெரிந்ததும், ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் கொதித்துப்போய் என் கடைக்கு வந்தார். அந்தக் கல்லின் வயசு நம் எல்லாருடைய வயசையும் கூட்டினாலும் வராது என்றார். ஒரு வாரத்தில் பாதுகாப்புச் சமிதி உண்டாகிவிட்டது. என் கடையில் ஃபேனும் நாலு நாற்காலியும் இருந்ததால் கூட்டம் அங்கேயே நடந்தது, நான் செயலாளர் ஆனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வாசல்மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. பிரியமெல்லாம் எழுதப்போகும் மனுவின் மேல்தான்.

மனு எழுதுவதில் எனக்கு ஒரு விதி உண்டு. வேண்டாம் என்று மட்டும் எழுதினால் ஆபீசில் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். இது வேண்டாம் என்றால் பின்னே எது வேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும். ஆகவே, வாசலின் பெருமையை இரண்டு பக்கம் பாடிவிட்டுக் கடைசியில் எழுதினேன்: ‘சாலையை எதிர்ப்புறமாக அகலப்படுத்தலாம். எதிர்ப்புறத்தில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை.’ வாசலுக்கு நேர் எதிரே பாழடைந்து கிடந்த தகரக் கொட்டகைதான் என் மனசில் இருந்தது. அந்தக் கொட்டகையை ஒட்டி அதே வரிசையில் என் கடை இருப்பது மனசில் இல்லை. சமிதியில் வாசித்தபோது வாத்தியார் கை தட்டினார். மனைவி நகல்கள் எடுத்தாள். மெஷினுக்குத் தாளைக் கவிழ்த்து வைப்பதால் அவளும் படிக்கவில்லை.

சில மாதம் கழித்து மஞ்சள் பெயிண்ட்டோடு அளக்கிறவர்கள் வந்தார்கள். வாசலைத் தொடாமல் தாண்டி வந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து கிளாஸை வைத்துவிட்டு, கடைக்குள் வந்து, தரையின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், இடிபடப்போகும் பாதியில், மேசை, மெஷின், மனைவி எல்லாம். இந்தப் பக்கம் மிஞ்சியது ஃபேன். என்ன இது என்று கேட்டதற்கு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். என் மனுதான். கையெழுத்து அழகாக இருந்தது.

மனைவி அதை வாங்கி அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“இருபது வருஷமா நான் இங்கதான இருக்கேன்?”

அது ஆபீஸ் பாஷை, அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று ஏதோ சொன்னேன். அவள் டோனர் மாற்றப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

இனி ஒரே வழிதான் தோன்றியது. என் கடையும் பழமையானது என்று நிரூபிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் சுவரைச் சுரண்டினேன். வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் வரும் என்று பார்த்தால் சிமெண்ட் வந்தது. இன்னும் ஆழமாகச் சுரண்டினேன், இன்னும் சிமெண்ட். வாத்தியாரைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக வந்து, மூலை மூலையாகப் பார்த்து, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இக்கா, இது என் ஸ்கூட்டரை விட இளசு” என்றார்.

நான் மனுவை வாபஸ் வாங்கினால் வாசல் இடிபடும், வாங்காவிட்டால் கடை இடிபடும். சமிதிக்காரர்கள் கடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் கடையை இடிக்கச் சொல்ல யாருக்கும் முகம் வரவில்லை. நான் இன்னொரு மனு எழுதினேன். நாலு பக்கம், ‘புராதன’ என்ற சொல் பதினொரு இடத்தில். சுரண்டியதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூட ஹாலில். கடையைப் பூட்டிவிட்டு மனைவியும் கூடவே வந்தாள். அதிகாரி ஓர் இளம்பெண். வருகிற மனுவெல்லாம் திட்டுவதோடு சரி, இந்த ஒரு மனுதான் வழியும் சொன்னது, அதனால் தானே நேரில் வந்து சந்தைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது, என்ன செய்வது. பிறகு அவர் கடைசி வரியை உரக்க வாசித்துவிட்டு, இதை எழுதியவர் யார், இது உண்மைதானா என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். இரண்டாவது மனு சட்டைப் பையில் இருந்தது. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பி ஒரு தடவை கெஞ்சியிருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும், நாலு பக்கத்தையும் மூச்சுவிடாமல் வாசித்திருப்பேன். ஊருக்கெல்லாம் வாக்கியம் எழுதிக் கொடுத்தவனுக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மனைவி எழுந்தாள்.

“மேடம், எங்க கடை பழசொண்ணும் இல்ல. இவரு ரெண்டு நாளா சுவரைச் சுரண்டிப் பாத்தாச்சு” என்றாள். ஹாலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “ஆனா கஞ்சி குடிக்கறது அதுலதான். பஸ்ஸுல வர்றவங்க அந்த வாசலைப் பாக்கத்தான வர்றாங்க? அதை இடிச்சா எதைப் பாப்பாங்க, ரோட்டையா? பஸ் படகுத்துறையிலயே நிக்கட்டும் மேடம். அவங்க நடந்து வந்தா ரெண்டும் இருக்கும்.”

அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க முயன்று நான் ஒரு பெஞ்சில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

உத்தரவு வர மழைக்காலம் ஆயிற்று. பஸ்கள் படகுத்துறையோடு நிற்கும், வாசல் அப்படியே இருக்கும், மழைத் தண்ணீர் வடிகாலுக்கு இடம் வேண்டும் என்பதால் என் கடையின் படியும் சன்ஷேடும் மட்டும் போகும். தாளைக் கொண்டுவந்த வாத்தியார் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். நான் மேசையில் உட்கார்ந்து முழுவதையும் மனைவிக்கு உரக்க வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில், இருபுறமும் உள்ளவற்றைச் சொல்லும் இடத்தில், இப்படி இருந்தது: ‘எதிர்ப்புறத்தில் ஒரு கடை உள்ளது. கணவனும் மனைவியும் அதில் வேலை செய்து வாழ்கிறார்கள். அது நிற்க வேண்டும்.’

அலங்காரம் கிடையாது, கம்பீரம் கிடையாது. எந்தக் குமாஸ்தா எழுதினாரோ, எனக்குப் பொறாமையாக இருந்தது. அது நான் எழுதியிருக்க வேண்டிய வரி.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

“அதை இன்னொரு தடவை வாசிங்க.”

வாசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவள் இப்படித் திரும்பக் கேட்டதில்லை.