உடைக்காமல் திரும்பிய தேங்காய்

கேபிள் இன்டர்நெட் வந்த புதிதில், மச்சினனை வைத்து மோடத்துக்குள் இருந்த புரோகிராமை மாற்றி, கம்பெனி வைத்த வேக அளவை ஏற்றிக்கொண்டேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கே ஒரே லைன். நான் அதிகம் இழுத்தால் மற்றவர்களுக்குக் குறையும் என்று அவன் சொல்லியும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு சரஸ்வதி தேங்காயோடு வந்தாள். "அண்ணாச்சி, கல்ஃப்லேருந்து அவரு பேசினா படம் அப்படியே நின்னு போகுது. அப்பா முகத்தப் பாக்காம பிள்ளை ஒரே அழுகை. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குத்தானே போறீங்க? இந்தத் தடை நீங்கணும்னு உடைச்சிருங்க."

பிள்ளையார் முன்னால் ஓங்கிய கை இறங்கவில்லை. அந்தத் தடை நான்தானே? தேங்காயோடு திரும்பி வந்து அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"உங்க வீட்டுலயும் இதே கஷ்டமா இருக்கும்னு நினைச்சு உங்களுக்கும் சேர்த்துல்லா வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

அன்றே மோடத்தைப் பழையபடி ஆக்கிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.