ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தனியாகப் போனது

மகளின் பிரசவத்துக்கு நான் ஜெர்மனி போய் வந்தவள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் தனியாகப் போன பெண்பிள்ளை நான்தான். பெருமையா என்று கேட்டால், பெருமைதான்.

மருமகனை ஒரகடத்துக் கார் கம்பெனி அங்கே அனுப்பியிருந்தது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றார். தோகா வரைக்கும் நாலரை மணி நேரம். அங்கே விமானம் மாறி இன்னும் ஆறு மணி நேரம். மாறுவதுதான் மகளுக்குப் பயம்.

"யம்மா, வீல்சேர் போட்டுர்றேன். ஏர்போர்ட்டுக்காரங்களே தள்ளிக்கினு போயி அடுத்த ஃப்ளைட்ல ஏத்தி வுட்ருவாங்க. எல்லா அம்மாங்களும் அப்படித்தான் வராங்க."

"எனக்கு இன்னா, காலு இல்லையா?"

"இங்கிலீஷ் தெரியாதே உனக்கு. ஃப்ளைட்ட வுட்டுட்டா இந்த வயித்த வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

"வந்து சேருவேன். போனை வை."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது பயமாகத்தான் இருந்தது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் எண் மட்டும்தான் தெரியும். ஆனால் பல வருஷம் கம்பெனியில் துப்புரவு வேலை பார்த்தவள் நான். ஷிப்ட் விட்டதும் வாசலில் ஒரே மாதிரி வெள்ளை பஸ்களாக நிற்கும். நாங்கள் போர்டைப் பார்த்து ஏறியதில்லை. நம் ஊர் முகம் எதில் ஏறுகிறதோ அதில் ஏறுவோம். அதே மாதிரி, முன்னால் நின்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். மஞ்சள் சுடிதார், இடுப்பில் குழந்தை.

"எந்த ஊருக்கும்மா போற?"

"ஃபிராங்க்ஃபர்ட் ஆன்ட்டி."

நான் போகிற ஊரேதான். முகத்தை மனதில் வைத்துக்கொண்டேன்.

தோகாவில் இறங்கியதும் கூட்டத்தில் அவளைத் தவறவிட்டேன். டிக்கெட்டில் அடுத்த விமானம் எட்டு மணிக்கு. என் கைக்கடிகாரத்தில் எட்டே முக்கால் தாண்டியிருந்தது. போச்சு என்றே நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. இயேசுவே, இயேசுவே என்றபடி நடந்தேன். ஒரு காபிக் கடையில் அந்த மஞ்சள் சுடிதார் குழந்தைக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். விமானம் போயிருந்தால் இவ்வளவு நிதானமாக ஊட்டுவாளா? எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, ஃப்ளைட்டு போயிடலையே?"

"நேரம் இருக்கு ஆன்ட்டி. உங்க வாட்ச் நம்ம ஊர் டைம் காட்டுது. இங்க இன்னும் ஆறரை கூட ஆகல."

"அது தெரியும்மா. சும்மா கேட்டேன்."

குழந்தையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். இனி என்னை விட்டுவிட்டு எங்கே போவாள்? அவள் எழுந்தபோது நானும் எழுந்தேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியே மருமகன் மட்டும் நின்றிருந்தார்.

"அவ எங்க?"

"ஆஸ்பத்திரில அத்தை. காலைலதான் வலி எடுத்துச்சி. இன்னும் பொறக்கல."

"பொறக்காது. நான் போய்த்தான் பொறக்கும்."

பெட்டியை அவர் கையில் கொடுக்காமல் நானே இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சாயங்காலம் பேத்தி பிறந்தாள். என் மகளின் கை என் கைக்குள்தான் இருந்தது.