கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

காலியாகத் தெரியும் ஒரு கூடத்தில், யாரோ சத்தமில்லாமல் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எப்படித் தெரியும்? எனக்கு விடை தெரியாது. மாதேசன் சாருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தவர்போல நடந்துகொண்டாரா என்பதும் தெரியாது.

செய்தி வந்தபோது நான் ஒப்பந்த நகல் ஒன்றிலிருந்து ஒரு வரியை நீக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதேசன் சாரிடம் வேலை பழகிய ஷபானா வந்து மேசையருகே நின்றாள். "அக்கா, சார் போயிட்டாராம். அவரு ஊரு பேரிகையிலருந்து தம்பி பேசினாரு. டீ குடிச்சிட்டு ஒக்காந்தவரு எந்திரிக்கவே இல்லையாம்." நான் நீக்கப் பார்த்த வரி அவருடைய ஒரு பழக்கத்தைப் பற்றியது.

எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் உள்ள எங்கள் நிறுவனம் முதலில் தகடு அழுத்தும் பிரஸ்களை வெளிநாடுகளுக்கு விற்றது. கூடவே அவற்றை இயக்கும் மாதேசன் சாரும் விசா வாங்கிப் போய், ஓட்டிக் காட்டிவிட்டு வருவார். பிறகு சேவை வர்த்தகத்தின் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இங்கே உட்கார்ந்தபடியே அங்குள்ள பிரஸ்ஸைப் பழுது பார்க்கவும் இயக்கவும் ஒப்பந்தம் போட்டோம். ஆள் போகாமல் வேலை மட்டும் கடல் தாண்டியது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது இதைத்தான். இதற்கான ஒப்பந்தங்களை எழுதுவதே என் வேலை. இது நல்ல மாற்றம் என்றே நம்பினேன். பெரும்பாலும் இன்றும் நம்புகிறேன்.

அவர் எதிர்க்கவில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார்: "சரக்கு போனா தொறந்து பாப்பாங்க. ஆளு போனா பாஸ்போர்ட் கேப்பாங்க. நாம இப்ப கையை மட்டும் அனுப்பறோம் மேடம். கைக்குக் கண்ணு கெடையாதுங்க."

அமெரிக்காவில் ஓர் ஆலை இருந்தது. நமக்குப் பகலாக இருக்கும்போது அங்கே இரவு. கூடத்தில் ஆளே இருக்காது. கேமராவும் பிரஸ்ஸைச் சுற்றியுள்ள வேலிக்கதவின் சென்சாரும் காலி என்று சொன்னதும் பதிவு செய்த ஆங்கில எச்சரிக்கை ஒலிக்கும், நாம் இயக்கலாம். மாதேசன் சார் இயக்கமாட்டார். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "யாராவது இருக்கீங்களா?" என்பார். பிறகு கன்னடத்தில், "யாராதரூ இத்தீரா?" பிறகு அவர் வீட்டு மொழியான தெலுங்கில், "எவரன்னா உன்னாரா?" அப்புறம் ஹெட்செட்டை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருப்பார்.

"ஏன் சார், அமெரிக்காவுல எந்தக் கன்னடக்காரன் பிரஸ்ஸுக்குள்ள ஒக்காந்திருக்கான்?" என்று பொறியாளர்கள் சீண்டுவார்கள்.

"ஒன் மாமனாரா இருக்கும். இரு, விசாரிச்சுச் சொல்றேன்" என்பார்.

காரணத்தை ஒருநாள் நான் கேட்டேன். "இங்கிலீஷ்ல சொன்னா தெனமும் பேசற மெசினுன்னு விட்டுடுவான் மேடம். புரியாத பாஷையில கேட்டா, யாரோ மனுசன் கூப்பிடறான்னு திரும்பிப் பாப்பான்."

இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒருமுறை அவரருகே உட்கார்ந்திருந்தேன். காலிக் கூடத்துக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. கிணற்றுக்குள் குனிந்தால் கேட்பதுபோல. அவர் கேட்டார். காத்திருந்தார். அந்தச் சத்தம் சட்டென்று நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். அவர் ஹெட்செட்டிலிருந்து கைகளை எடுத்துவிட்டார்.

"யாரோ கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க சார்?"

"ஒண்ணும் கேக்கலீங்க. நான் பேசறதைக் கேட்டுட்டு இருக்காங்க."

திரையில் சிமெண்ட் தரை மட்டுமே தெரிந்தது. அன்று அவர் பிரஸ்ஸை இயக்கவில்லை. ஆலைக்காரர்கள் கூடத்தைச் சோதித்துவிட்டு, ஒருவரும் இல்லை, ஒரு ஷிப்ட் வீணானது என்று கடுமையாக எழுதினார்கள். புதிய ஒப்பந்தத்தில் அந்தக் குரல் சோதனைக்கான வரி இருக்கக் கூடாது என்றார்கள். இல்லாத ஒருவருக்காக ஒரு வாடிக்கையாளரை இழப்பதா என்று மேலிடத்தில் கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பேரிகையில் அவரை எடுத்த பிறகு, அவர் மனைவியின் அருகே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். "வீட்டுக்கு வந்தாலும் வாசல்ல நின்னு, 'யாரு இருக்கீங்க'ன்னு கேப்பாரு. நான் இருக்கேன்னு சொன்னாத்தான் உள்ள வருவாரு" என்றார். பிறகு, விளக்கில் எண்ணெய் ஊற்றியதைச் சொல்பவர்போல, "இப்பக்கூடக் கேட்டாரு. சொல்லிட்டேன்" என்றார். எனக்குத் திரும்பி வாசலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவருடைய தொழில் எனக்குக் கைவராது. அவர் காதும் எனக்கு இல்லை. கேள்விக்கும் பொத்தானுக்கும் நடுவே அவர் விட்ட அந்த இடைவெளி மட்டும் என்னிடம் இருக்கிறது. மறுநாள் நடந்ததை அப்படியே எழுதி முடிக்கிறேன்.

மறுநாள் அதே ஆலை. மாதேசன் சாரின் நாற்காலியில் ஷபானா. திரையில் காலிக் கூடம், சென்சாரில் பச்சை விளக்கு. ஆங்கில எச்சரிக்கை ஒலித்து ஓய்ந்தது.

"அக்கா, புது ஒப்பந்தப்படி கேக்க வேணாமே. ஓட்டிடட்டுமா?"

"இன்னும் அனுப்பலை. கேளு. சார் கேக்கற மாதிரியே கேளு."

தமிழில் கேட்டாள். கன்னடத்தில் கேட்டாள். தெலுங்கில் கேட்டுவிட்டு ஹெட்செட்டை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். காத்திருந்தோம். கிணற்றுச் சத்தம். பிறகு, இரும்பில் யாரோ விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார்கள்.

ஷபானா கையை மடியில் போட்டுக்கொண்டாள். பிரஸ்ஸின் பின்புறம், கேமராவுக்கு எட்டாத இடத்திலிருந்து ஒரு மனிதர் மெதுவாக வெளியே வந்தார். கையில் துடைக்கும் துணி. ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார், இன்னொரு முறை கூப்பிடுவோம் என்று எதிர்பார்ப்பவர்போல. பிறகு நடந்து திரையை விட்டுப் போனார்.

அந்த இரவு கூடத்தில் எவருக்கும் பணி ஒதுக்கப்படவில்லை என்று ஆலையிலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கலாம்; அவர்கள் கணக்கில் வராதவராக இருக்கலாம். முன்பு கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தானா என்பது எனக்குத் தெரியாது.

அந்த வரியை நீக்காமலேயே ஒப்பந்தத்தை அனுப்பினேன்.