பாதிக்குப் பாதி

ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் டெய்லர் அக்கா முதலில் அழுதாள். பிறகு, நாமே வாங்கினால் என்ன என்று துணிந்தாள். முன்னறையில் தையல், பின்னறையில் அவளும் பள்ளிக்கூடம் போகும் மகளும். வீட்டுக்கார அம்மா மூன்று மாதம் கெடு கொடுத்தார்.

"அதுக்குள்ள பேங்க் லெட்டரோட வா. இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

வங்கி அதிகாரி கணக்கைச் சொன்னார். கடனுக்கு மாதத் தவணை பதினெட்டாயிரம். அது வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆகவே முப்பத்தாறாயிரம் வருமானம் வேண்டும். அவளுக்கு வந்ததோ முப்பத்திரண்டு. நாலாயிரம்தானே துண்டு விழுகிறது என்று நேரே கடைக்குப் போய் ஒரு எம்பிராய்டரி மெஷினைத் தவணையில் வாங்கிப் போட்டாள், மாதம் ஐயாயிரம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது டெய்லர் அக்காவே இல்லை.

இடுப்பு ஒடிய உழைத்து, மூன்றாம் மாதம் தலை நிமிர்ந்து வங்கிக்குப் போனாள்.

"முப்பத்தெட்டு சார்! நல்லா பாத்துக்கோங்க."

"மெஷின் தவணை இருக்கேம்மா. எல்லாத் தவணையும் சேர்ந்துதான் பாதிக்குள்ள அடங்கணும். அப்படிப் பாத்தா உங்களுக்கு இப்ப நாப்பத்தாறு வேணும்."

"போன தடவை நாலாயிரம்தானே சார் குறைஞ்சுது?"

"இப்ப எட்டாயிரம் குறையுது."

"இப்ப கூடத்தானே சம்பாதிக்கிறேன்!"

"ஆமாம்மா. கடனும் கூடியிருக்கே."

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி முப்பத்திரண்டு. வீட்டுக்கென்று சேர்த்த முன்பணத்தில் மெஷின் கடனை அடைத்தால்?

"அப்ப வீட்டுக்கு இன்னும் பெரிய கடன் வேணும். தவணை இருபதுக்கு மேல போயிடும்மா."

"அப்ப நான் உழைச்சதுதான் தப்பா சார்?"

அதிகாரி காகிதங்களை அடுக்கினார்.

வீட்டில் மகள் நோட்டின் பின்பக்கத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். "கணக்கு சரியாத்தாம்மா இருக்கு" என்றாள். அதைத்தான் டெய்லர் அக்காவால் தாங்க முடியவில்லை. தப்பாக இருந்தால் போய்ச் சண்டையாவது போட்டிருப்பாள்.

கெடு முடிந்த மறுநாள் வீட்டுக்கார அம்மா ஒருவரை அழைத்து வந்தார். சிரித்த முகம், சாதுவான மனிதர். முன்னறைச் சுவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த இடத்துல எங்க சோபா அடங்குமான்னு பாக்கணும். டேப் இருக்குமாம்மா?"

டெய்லர் அக்கா கழுத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்றார்.

சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.