கதவு எண்ணுக்கு ஒரு கதவு

2005-இல் மரக்காணம் பக்கம் ஓர் அலுவலகத்தில் ரேஷன் கார்டு விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. ஆறு மாதக் கோர்ஸ் முடித்த திமிரும் கூடவே இருந்தது. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த கட்டத்துக்கு நகராது. நானும் நகர மாட்டேன்.

புரட்டாசிக் கடைசியில், உப்பளத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர் வந்தார். மழை பிடித்துவிட்டால் உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர். தை வரைக்கும் வேலை கிடையாது. கார்டு இருந்தால் ரேஷன் அரிசி, இல்லாவிட்டால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பட்டினி. அவ்வளவுதான் விஷயம். பெயர், வயது எல்லாம் அடித்தேன். ‘கதவு எண்’ என்ற கட்டத்தில் வந்து நின்றது.

"கதவு நம்பர் இன்னாக்கா?"

"கதவே இல்லியேம்மா. சாக்குதான் தொங்குது."

"நம்பர் போடலன்னா இது உள்ளவே விடாது. போய்க் கதவு நம்பரோட வாங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான்காம் நாள் காலை அலுவலக வாசலில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், அக்கா தலையில் ஒரு கதவு! பொம்மையார்பாளையத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் கெஞ்சி வாங்கி, மீன் வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நடுவில் நீலப் பெயிண்டில் 7 என்று எழுதியிருந்தது.

"நல்லவேளை, தெரு பேரு கேக்கல. தெருவையே சுருட்டிக்கினு வந்திருக்கும்" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "கதவும் இருக்குது, நம்பரும் இருக்குது. போடும்மா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, என் மேலேயே எரிச்சலும் வந்தது. 7 என்று அடித்தேன். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனது. அதற்கு வேண்டியது ஓர் எண்தான். ஆனால் ஹெட் கிளார்க் விடுவாரா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கதவை முன்னும் பின்னும் பார்த்தார்.

"கதவு சரி. ஆனா இது வீட்ல இருக்கணுமே. இங்க வச்சா ஆபீஸ் கதவு ஆயிடும். விசாரணைக்கு ஆள் வந்து பார்ப்பாங்க, எடுத்துட்டுப் போம்மா."

அக்கா மறுபடியும் கதவைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

விசாரணை அலுவலர் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே போய்விட்டு முழங்கால் வரை சேற்றோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"கதவு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. வாசல்ல இல்ல. உள்ள நாலு செங்கல் மேல போட்டு வச்சிருக்குது. கீழ தண்ணி. மேல ரெண்டு புள்ளைங்களும் தூங்குதுங்க. நம்பர் பார்க்கணுமா, எழுப்பட்டுமான்னு அந்தம்மா கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்."

குறிப்புக் கட்டத்தில் முப்பது எழுத்துக்கு மேல் ஏறாது. தண்ணீர், செங்கல், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதில் இடமில்லை. அவர் யோசித்துச் சொன்னார், நான் அடித்தேன்: ‘கதவு உபயோகத்தில் உள்ளது.’

கார்டு வந்த அன்று அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"இனிமே கதவ வாசல்ல மாட்டணுமாம்மா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. "வேணாங்க்கா. புள்ளைங்க தூங்கட்டும்" என்றேன்.